ஹட்டன் குளிரில் ஃபிமோ: தேயிலை இலை பதித்த மணிகள்

மணி செய்யப் பழக வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். 24 நிறம், 10 கருவி என்று நிறைத்து வரும் பெட்டியை வாங்காதீர்கள். நல்ல பாலிமர் களிமண் (ஓவனில் சுட்டு இறுக்குகிற வகை, நான் பாவிப்பது ஃபிமோ) கட்டி இரண்டு, ஓவனுக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று, ஆரம்பிக்க இவ்வளவும் போதும். மணியின் மேல் கோடும் நரம்பும் சொரசொரப்பும் பதிக்கத் தேவையான சாமான் நம் வீட்டைச் சுற்றியே கிடக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் கணிசமான காசும் போனது, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். காலையில் பாலர் பாடசாலை வேலை, பின்னேரம் மணி வேலை. தோடு, கழுத்துமாலை, கைச்சங்கிலி என்று கோர்த்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். டிசம்பரில் தொடங்கி மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் கடை போடும் அண்ணன் ஒருவரும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு உடையாத சாமானாகக் கொடுக்க வேண்டும் அல்லவா?

முதலில் வாங்கியது அந்த மாதிரி ஒரு பெட்டிதான். எந்தக் கம்பனி என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. 24 நிறம், ஒவ்வொன்றும் 20 கிராம், கூடவே பிளாஸ்டிக் கத்தி, குத்தூசி, உருட்டுக் குழவி. கைக்கு மெத்தென்று இருந்ததால் எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் சுட வேண்டும் என்று பெட்டியில் ஒரு கணக்கு, உள்ளே இருந்த தாளில் வேறு கணக்கு. நானும் ஒரு குத்துமதிப்பில் சுட்டேன். பார்க்க அழகாகத்தான் வந்தன. டீச்சர் அக்கா ஒருவர் மாலை ஒன்று வாங்கிக்கொண்டு போனார், மூன்றாம் வாரம் சின்னப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் ஏழு மணி பாதிப் பாதியாகப் பிளந்து கிடந்தது. "தங்கச்சி, நான் கீழகூடப் போடல, கழட்டி மேசையில வச்சேன், அவ்வளவுதான்" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். வேறு மாலை செய்து தருகிறேன் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன், ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சாமான் என்ன என்றே ஒழுங்காகப் படித்தேன். பெயரில் களிமண் என்று இருந்தாலும் இதில் மண் கிடையாது. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசி பிளாஸ்டிக்கின் நுண்ணிய தூள், அதை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய் மாதிரி ஒரு திரவம், நிறம், இவ்வளவுதான். சூட்டில்தான் அந்தத் தூள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே உடம்பாகிறது. சூடு குறைந்தாலோ நேரம் போதாவிட்டாலோ வெளியே இறுகின மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது, ஒரு தட்டு பட்டாலே பிளந்துவிடும். டீச்சர் அக்காவின் மாலையில் களிமண் மட்டும் குற்றவாளி இல்லை, நான் சுட்ட விதமும்தான் காரணம்.

கடையில் கேட்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். வெறுமனே "கிளே" என்று கேட்டால் காற்றில் காயும் களிமண்ணை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கே ஒரு தரம் அப்படி நடந்தது. அது வேறு வகை, ஓவன் தேவையில்லை, பிள்ளைகளின் கைவேலைக்கு நல்லது. ஆனால் மே மாதம் மழை பிடித்தால் சுவரே வியர்க்கிற நம் பக்கத்தில், பனியிலும் தூறலிலும் கழுத்தில் போட்டுக்கொண்டு போகிற மாலைக்கு அது சரிவராது, ஈரம் குடித்து ஊறிவிடும். பொதியில் "ஓவனில் சுட்டு இறுக்குவது" என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு காசைக் கொடுங்கள்.

சரி, ஃபிமோவுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பென்சிலாகப் பார்த்திருப்பீர்களே, ஜெர்மனியின் ஸ்டெட்லர், அவர்கள் செய்வதுதான் ஃபிமோ. நான் அதிகம் பாவிப்பது ஃபிமோ சாஃப்ட், 57 கிராம் கட்டி. கட்டியின் மேலேயே எட்டுப் பங்காகக் கோடு போட்டிருக்கிறார்கள், நிறம் கலக்கும்போது "இரண்டு பங்கு வெள்ளை, ஒரு பங்கு பச்சை" என்று எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறையும் அதே நிறம் கிடைக்கும். தராசு இல்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி. 12 மில்லிமீட்டர் உருண்டை மணி என்றால் எனக்கு ஒரு கட்டியில் 30க்குக் குறையாமல் வருகிறது. சுடுவதற்குப் பொதியில் ஒரே கணக்கு: 110 பாகை செல்சியஸ், 30 நிமிடம். முதல் பெட்டியின் குழப்பத்துக்குப் பிறகு அந்த ஒரு வரியைப் பார்த்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெப்பமான ஊரில் இருப்பவர்கள் இந்தக் களிமண் கையில் இளகுகிறது என்று குறைப்படுவார்கள், இங்கே ஜனவரி காலையில் கட்டியைப் பிரித்தால் நகம்கூட இறங்காது. அப்படியே வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும், உடனே "பழைய சரக்கு" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் ஒரு பங்கை வெட்டி பொலித்தீனில் சுற்றி, சுவெட்டரின் உள் பையில் அரை மணி நேரம் வைத்துக்கொண்டு சமையல் வேலையைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு ரொட்டி மாவு பிசைகிற மாதிரி ஐந்து பத்து நிமிடம் பிசைய வேண்டும். நீட்டி மடித்து, நீட்டி மடித்து, மடிப்பில் வெடிப்பு விழாத பதம் வந்தால் போதும். அடுப்பு மேடையில் வைத்துச் சூடாக்கும் எண்ணம் வேண்டாம், ஓரம் வெந்து கட்டி கட்டியாகிவிடும். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைத்து விற்கிற கடைகளிலும் இதே ஆபத்துதான். கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய கட்டி எவ்வளவு பிசைந்தாலும் சேரவில்லை, அலுமாரிச் சூட்டிலேயே பாதி இறுகியிருந்தது. வாங்கும்போது பொதியோடு பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அந்த வகையில் நம் குளிர் ஒரு வரம், ஒழுங்காக மூடி வைத்தால் இங்கே கட்டி சீக்கிரம் கெடாது.

மூடி வைப்பதிலும் ஒரு விஷயம். மீந்ததை யோகட் கப்பில் போட்டு வைத்தேன், ஒரு மாதம் கழித்து எடுத்தால் களிமண் கப்பின் அடியோடு ஒட்டி, கப்பே இளகிப்போயிருந்தது. களிமண்ணில் இருக்கிற அந்தத் திரவம் சில கடின பிளாஸ்டிக்கை அரித்துவிடும். முக்கோணத்துக்குள் 5 என்று அடித்திருக்கும் டப்பாவில் வைத்தால் ஒன்றும் ஆகாது. வார்னிஷ் அடித்த மேசையிலும் வைக்காதீர்கள், நான் வேலை செய்வது ஒரு பழைய தரை ஓட்டின் மேல்.

சுவெட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, வெள்ளை மணி செய்கிற அன்றைக்குக் கம்பளிச் சுவெட்டரைக் கழற்றிவிடுங்கள். குளிரினால் இங்கே யாரும் கழற்றுவதில்லை, ஆனால் அதன் நூல் தூசி முழுக்க வெள்ளைக் களிமண்ணில்தான் போய் ஒட்டும். விறகடுப்புக் கரியும் அப்படித்தான். ஈரத் துடைப்பான் தாளால் கையைத் துடைத்துவிட்டு வெள்ளையை முதலில் முடித்து, கடும் நிறங்களை அப்புறம் எடுக்கிறேன்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பதிப்பதற்கென்றே சிலிக்கன் விரிப்புகள் விற்கிறார்கள், பூ, செதில், செங்கல் என்று விதவிதமாக. ஆறு விரிப்பு உள்ள ஒரு தொகுதி நானும் வாங்கினேன். இரண்டுதான் ஆழமாகப் பதிந்தது, மற்றவை மணி மாதிரிச் சின்ன உருண்டையில் கீறல் போலத்தான் தெரிந்தன. அதைவிட, எல்லாரிடமும் இருக்கிற அதே பூ என் மணியிலும் இருப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் வீட்டு வாசலிலிருந்து ஒரு தேயிலை இலையைப் பறித்துப் பதித்தேன். அன்றைக்கு அந்த விரிப்புகளை மூட்டை கட்டி வைத்தவள்தான்.

இலையைத் தெரிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. கொழுந்து வேண்டாம், மெல்லியது, நரம்பு எழும்பியிருக்காது, அழுத்தினால் கிழியும். கீழே இருக்கும் முற்றின இலை வேண்டும், அதன் அடிப்பக்கம் வேண்டும், அங்கேதான் நடு நரம்பும் கிளை நரம்பும் புடைத்துக்கொண்டு நிற்கும். காய்ந்த இலை நொறுங்கும், பச்சையாகப் பறித்து ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பதியுங்கள். களிமண்ணை 3 மில்லிமீட்டர் தடிப்பில் தட்டையாக உருட்டி, இலையை வைத்து, கண்ணாடிப் போத்தலால் ஒரே தரம் அழுத்தி உருட்டி, காம்பைப் பிடித்து மெதுவாக உரித்தால் நரம்பு ஒவ்வொன்றும், ஓரத்துப் பல்லும்கூடப் பதிந்திருக்கும். அந்தத் தட்டையை அப்படியே சுட்டுவிட்டால் அதுவே உங்கள் சொந்த அச்சு, மழை நாளில் இலை தேடி வெளியே போக வேண்டியதில்லை. அந்த அச்சில் சோளமா கொஞ்சம் தூவி, மணியை மேலே வைத்து உள்ளங்கையால் உருட்டினால் நரம்புகள் மணியின் மேல் புடைத்து வரும். இலையை நேரடியாகப் பதித்தால் பள்ளம், அச்சில் உருட்டினால் மேடு. மேடாக வருவதுதான் நிறம் தீட்டும்போது எடுப்பாக இருக்கிறது.

வேறு என்னவெல்லாம் பதித்தேன் என்றால், பழைய இடியப்பத் தட்டின் பின்னல், சாக்குத் துணி, அம்மாவின் கிழிந்த புடவையின் சரிகைக் கரை, பன்னம் இலை. சாதிக்காயை உடைத்தால் உள்ளே ஜாதிபத்திரி படிந்த தடத்தோடு ஓடு இருக்கும், அது ஒரு நல்ல அச்சு. கல் உப்பையும் சொல்ல வேண்டும். மணியைக் கல் உப்பில் உருட்டி, உப்பு புதைந்த நிலையிலேயே சுட்டு, ஆறினதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். உப்பு கரைந்து போய், அது இருந்த இடம் சின்னச் சின்னக் குழியாக நிற்கும், ஆற்றில் கிடக்கும் கல் மாதிரி. சாம்பல் நிறத்தில் செய்து ஒரு கைச்சங்கிலி கோர்த்தேன், பார்த்தவர்கள் கல் என்றே நினைத்து, கையில் வாங்கினதும் பாரமில்லாமல் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஒன்று மட்டும்: களிமண்ணுக்குப் போன இடியப்பத் தட்டு, போத்தல், கத்தி எதுவும் திரும்பச் சமையலுக்கு வரக்கூடாது. தனியாக ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

துளை போடுகிற ஒழுங்கு எனக்குப் பிடிபட நாளாயிற்று. பதித்த பிறகு துளைத்தால், பிடிக்கிற விரல் அழகையெல்லாம் அழித்துவிடும். இப்போது உருட்டினதும் பத்து நிமிடம் குளிரில் வைத்துவிட்டு, ஊசியைத் திருகித் திருகி ஒரு பக்கத்தால் ஏற்றி, முனை எட்டிப் பார்த்ததும் வெளியே எடுத்து மறுபக்கத்தால் ஏற்றுகிறேன், அப்போதுதான் இரண்டு வாயும் பிசிறில்லாமல் இருக்கும். அப்புறம் மணி ஊசியில் இருக்க, ஊசியைப் பிடித்துக்கொண்டு அச்சில் உருட்டுவேன். சுடும்போதும் அப்படியே கம்பியில் கோர்த்து, பழைய கேக் தட்டின் இரண்டு விளிம்பில் கம்பி தாங்குகிற மாதிரி வைத்துவிட்டால் மணியின் அடி தட்டையாகாது. கம்பி இல்லாத நாளில் தட்டில் சோளமாவைக் குவித்து அதில் புதைத்துச் சுட்டிருக்கிறேன், அதுவும் சரிவரும்.

ஓவனைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. என்னிடம் இருப்பது சின்ன டோஸ்டர் ஓவன். சூடு வைக்கும் குமிழை 110இல் வைத்துவிட்டு, உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தால் சூட்டுக் கம்பி சிவக்கும்போது 140க்கு ஏறுகிறது, அணைந்தால் 95க்கு இறங்குகிறது. இத்தனை நாளும் நான் சுட்டதெல்லாம் இப்படித்தான் என்று நினைத்தபோது மனது கஷ்டமாகிவிட்டது. இப்போது அடியில் ஒரு தரை ஓட்டை வைத்து, வெறும் ஓவனை 20 நிமிடம் சூடாக்கி, வெப்பமானி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் மணித் தட்டை உள்ளே வைக்கிறேன். ஓடு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மூடினால் சூட்டுக் கம்பியின் நேரடி வெக்கையில் வெள்ளை மணி பழுப்பாகாது. தடித்த மணிகளை 40 நிமிடம் வைக்கிறேன். சூடு சரியாக இருந்தால் நேரம் கூடுவதால் கெடுதல் இல்லை, இன்னும் உறுதியாகத்தான் வருகிறது. சூடு கூடினால்தான் ஆபத்து. ஒரு தட்டு முழுக்க எனக்குக் கருகியிருக்கிறது, தொண்டையைப் பிடிக்கிற நெடி. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைட் என்ற வாயு வரும், மூச்சுக்கு நல்லதில்லை. உடனே ஓவனை அணைத்து, யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். குளிருக்காக யன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு சுடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, இந்த வேலைக்கு அது ஆகாது.

சுட்ட பிறகு வெள்ளை மணியின் மேல் கபில நிற அக்ரிலிக் வர்ணத்தைப் பூசி, பள்ளமெல்லாம் நிறையத் தேய்த்து, காய்வதற்குள் ஈரத் துணியால் மேடுகளைத் துடைத்தெடுத்தால் தேயிலை நரம்பு பழைய தந்தத்தில் செதுக்கின மாதிரி நிற்கும். என்னிடம் அதிகம் விற்பது இதுதான். மினுக்கம் வேண்டுமென்று நகப்பூச்சு அடிக்காதீர்கள், முதலில் பளபளக்கும், நாள் போகப் போகப் பிசுபிசுத்து விரல் ஒட்டும். தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ்தான் இதற்குச் சரி. பதித்த மணிக்கு அதுகூடத் தேவையில்லை என்பது என் எண்ணம், மங்கலாக இருந்தால்தான் இலை இலையாகத் தெரிகிறது.

மற்ற வகைகளையும் கேட்பீர்கள். ஃபிமோ புரொஃபஷனல் 85 கிராம் கட்டியாக வருகிறது, சாஃப்டைவிட இறுக்கம், பிசைய மணிக்கட்டு வலிக்கும், ஆனால் பதித்த கோடு கூர்மை குறையாமல் நிற்கும். நுணுக்கமான வேலைக்கு அதுதான். பெல்ஜியத்தின் செர்னிட் ஒரு கட்டி சித்தி மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தாள், சுட்டபின் பீங்கான் மாதிரி லேசாக ஒளி ஊடுருவுகிறது, உறுதியும் நல்ல உறுதி. அமெரிக்காவின் ஸ்கல்பியில் இரண்டு வகை உண்டு. ஸ்கல்பி 3 மெத்தென்று பிசைய லேசானது, உருண்டை மணிக்குப் போதும், மெல்லிய தோட்டுத் துண்டுக்கு உடையும் என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். மெல்லியதாகச் செய்கிறவர்கள் அதே கம்பனியின் பிரீமோவை எடுப்பது நல்லது. இவை இரண்டையும் சுடும் சூடு 130 பாகைக்குப் பக்கம், ஆகையால் ஃபிமோவோடு ஒரே தட்டில் போட்டுவிடாதீர்கள்.

ஹட்டனில் நான் கேட்ட புத்தகக் கடைகளில் ஃபிமோ இருக்கவில்லை. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டோ இணையத்திலோதான் வாங்குகிறேன். இறக்குமதிச் சாமான் என்பதால் விலை கூடத்தான், முதல் தரம் கேட்டபோது கட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த விலையை மணிகளின் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டியில் ஒரு மாலையும் ஒரு சோடித் தோடும் வந்துவிடும். மலிவுப் பெட்டியில் செய்த மாலைக்கு நான் திரும்பச் செய்து கொடுத்ததையும் சேர்த்தால் அதுதான் விலை கூடினது. தொடக்கத்தில் வெள்ளை ஒன்று, கடும் நிறம் ஒன்று வாங்குங்கள், நிறங்களைப் பிறகு சேர்க்கலாம்.

ஃபிமோ சாஃப்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது, கை சூடான நேரத்தில் அது விரல் ரேகையைச் சட்டென்று பிடித்துக்கொள்வதற்காக. பதிக்கும் விரிப்புத் தொகுதிக்கு இரண்டு. ஓவன் வெப்பமானிக்கு ஐந்துக்கு ஐந்து, அதற்கு மேல் இருந்தாலும் கொடுப்பேன். டீச்சர் அக்காவுக்குச் செய்து கொடுத்த இரண்டாவது மாலை ஃபிமோவில் செய்தது, தேயிலை நரம்பு போட்டது, 14 மாதமாகிறது. போன பொங்கலுக்கும் போட்டுக்கொண்டு வந்தார், நானே கையில் வாங்கி ஒவ்வொரு மணியாகத் தடவிப் பார்த்தேன், ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

அடுத்த பொதியில் வெள்ளை இரண்டும் செம்மண் நிறம் ஒன்றும் சொல்லிவிட்டிருக்கிறேன். 20 மில்லிமீட்டரில் பெரிய மணி செய்து பார்க்க வேண்டும். அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி உருண்டையாக்கி உள்ளே வைத்து, மேலே களிமண்ணைப் போர்த்தினால் பாரமும் குறையும், களிமண்ணும் மிச்சமாகும். பன்னம் இலையைத்தான் அதில் பதிக்கப் போகிறேன்.